உறங்கும் இயந்திரத்தினுள் ஊறும் துரு

ஓடுகின்ற இயந்திரம் தேய்கின்றது. ஓடாத இயந்திரம் துருப்பிடிக்கின்றது. இவ்விரண்டினுள் எது விரைவாக அதனைக் கொல்லும் என்று கேட்டால், ஓடாமல் நிற்பதே என்று அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் தயங்காது விடை சொல்வார். தேய்மானம் ஓசை எழுப்பி எச்சரிக்கும். துருவோ ஓசையின்றித் தன் காரியத்தைச் செய்து முடிக்கும். வெளியே வர்ணம் மின்னக் கொட்டிலில் துணிபோர்த்து நிற்கும் காரொன்றின் நெஞ்சுக்குள்ளே, கண்ணுக்குப் புலப்படாத குறுகிய வாய்க்கால்களில், அது இரவும் பகலும் ஊறிக்கொண்டிருக்கும்.

நமது நாட்டு மக்கள் வாகனங்களை நெடுங்காலம் நிறுத்தி வைக்க நேர்ந்த காலங்கள் பல. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது வடக்கிற்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. மண்ணெண்ணெயில் ஓடப் பழகிய கார்கள் சில ஓடின. ஏனையவை கொட்டில்களில் நின்றன. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களிலும், 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்திலும் நாடு முழுவதுமே அந்த நிலையைக் கண்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், வீட்டிலுள்ள பழைய காரே பலருக்கும் பெருஞ் சொத்தாயிற்று. இன்றும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் வீட்டில் காரொன்று சும்மா நிற்பது நாம் காணாத காட்சியன்று. ஆகவே இயந்திரத்தை உறங்க வைக்கும் முறையை அறிந்திருப்பது எந்தக் குடும்பத்துக்கும் பயன் தருவதாகும். அதனை அறியாமல் நாம் இழந்த ஒன்றைப் பற்றிச் சொல்லியே தொடங்குகின்றோம்.

இரண்டு கார்களின் கதை

யாழ்ப்பாணத்தில் எமது தந்தையாரிடம் மொறிஸ் மைனர் கார் ஒன்று இருந்தது. 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பூட்டியது. அடுத்த வீட்டில் ஒஸ்ரின் ஏ40 ஒன்று நின்றது. அது வாடகைக்கு ஓடியது. 1990ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் இரண்டும் ஒரே கிழமையில் நிறுத்தப்பட்டன. தந்தையார் அப்போது கொழும்பில் மருத்துவத்துக்காகத் தங்கியிருந்தார். போவோர் கையில் கொடுத்தனுப்பிய கடிதமொன்றில், "காரின் தண்ணீரைத் திறந்துவிட்டீர்களா?" என்று அவர் கேட்டிருந்தார். நாம் றேடியேற்றரின் அடியிலுள்ள சிறு குழாயைத் திறந்து, நீர் நிலத்தில் ஓடி முடியும்வரை நின்று பார்த்து, மீண்டும் மூடினோம். "திறந்துவிட்டோம்" என்று மறுமொழி எழுதினோம். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று என்பதை அறியப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

2002ஆம் ஆண்டில் ஏ9 பாதை திறந்தபின் ஊர் திரும்பினோம். இரு வீட்டுக் கொட்டில்களும் தெய்வாதீனமாக நின்றிருந்தன. இரு கார்களும் உள்ளே இருந்தன. ஏ40ஐ முன்பு ஓட்டியவரும், அதன் வைத்தியரும் தாமே ஆனவருமான முதியவர் வந்து பார்த்தார். தமது காரின் றப்பர்க் குழாய்களை மாற்றினார், உருளைகளுக்குள் சிறிது எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்துக் கையாற் சுற்றினார், நீர் ஊற்றினார். அந்தக் கிழமையிலேயே அது ஓடிற்று. அதன் சுக்கானில் அவர் அன்று கட்டித் தொங்கவிட்ட மட்டை அப்போதும் இருந்தது. "தண்ணீர் இல்லை" என்று அதில் எழுதியிருந்தது.

எமது காரிடம் வந்தவர், இயந்திரக் கட்டையின் பக்கத்தில், தாழ்வாக, எண்ணெய் அழுக்கு மூடிக் கிடந்த பித்தளைக் குழாயொன்றைத் திறந்து பார்த்தார். ஒரு துளியும் வரவில்லை. கம்பியொன்றை உள்ளே விட்டுக் கிண்டினார். செம்மண் குழம்பு போன்ற ஒன்று வழிந்தது.

"தம்பி, றேடியேற்றரை மட்டும் திறந்துபோட்டு விட்டிட்டீர் போலை. புளொக்கிலையும் ஒண்டு இருக்கு, அதைத் திறக்கேல்லையோ?" என்றார்.

"அப்படியொன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது, அண்ணை" என்றோம்.

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. கட்டையின் பக்கத்திலுள்ள வட்டத் தகட்டு மூடியொன்றைத் திருகுசாவியின் முனையால் மெல்லத் தட்டினார். முனை உள்ளே போயிற்று. பின்னர் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, நான்காவது உருளையைச் சுற்றிய நீர்வழி துருவினால் முற்றாக அடைபட்டிருந்தது. உருளைச் சுவரிலே ஊசித் துவாரம் விழுந்திருந்தது. வேறு இயந்திரம் தேடுவதைத் தவிர வழி இருக்கவில்லை. தந்தையார் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார். தமது கார் பத்திரமாக இருக்கின்றது என்ற நம்பிக்கையோடுதான் அவர் கண்மூடினார்.

இயந்திரத்துக்கு நீர் எதற்கு?

எரிபொருள் எரியும்போது உருளைக்குள்ளே வாயுவின் வெப்பநிலை 2000 பாகை சென்ரிகிறேட்டுக்கும் மேலே செல்லும். வார்ப்பிரும்பு அதற்கு முன்னரே உருகிவிடும். ஆகையால் எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உடனுக்குடன் அகற்ற வேண்டியிருக்கின்றது. அதற்காகவே உருளைகளைச் சுற்றி இரட்டைச் சுவர் அமைத்து, இடையிலே நீர் ஓடவிடுகின்றனர். அந்த நீர் சூடேறி றேடியேற்றருக்குச் சென்று, அங்கே மெல்லிய குழாய்களினூடு காற்றுப்பட்டு ஆறி, மீண்டும் இயந்திரத்துக்குத் திரும்புகின்றது. 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற முதற் காரிலே நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்த்தும் முறையாக இருந்தது. வில்ஹெல்ம் மேபாக் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் தேன்கூடு போன்ற றேடியேற்றரை அமைத்து 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் காரிலே பொருத்தியதன் பின்னரே, சிறிதளவு நீரைக்கொண்டு பெரிய இயந்திரத்தை ஓட்டுவது சாத்தியமாயிற்று.

நமது வன்னியிலும் கிழக்கிலும் வயல் உழும் இருசில்லு உழவு இயந்திரங்களிற் பல, பென்ஸின் பழைய முறையையே இன்றும் கையாளுகின்றன. ஒற்றை உருளை டீசல் இயந்திரத்தின் தலைமேல் திறந்த தொட்டியொன்று இருக்கும். அதில் ஊற்றிய நீர் கொதித்து ஆவியாகும். குறைந்ததும் உழவர் வாய்க்காலிலிருந்து அள்ளி ஊற்றுவார். ஆவியாவது நீர் மட்டுமே; அதிற் கரைந்திருந்த உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கும். நாள்தோறும் ஊற்ற ஊற்ற அவை செறிந்துகொண்டே போகும். காலபோகம் முடிந்து அந்த நீரோடேயே இயந்திரத்தைக் கொட்டிலில் நிறுத்தினால், உப்புக் கரைசலில் இரும்பை ஊறப்போட்டதற்கு அது சமமாகும்.

துரு எவ்வாறு பிறக்கின்றது?

பாடசாலை மாணவர் அனைவரும் அறிந்த பரிசோதனை ஒன்று உண்டு. மூன்று சோதனைக் குழாய்களில் ஆணிகளை இடுவர். முதலாவதில் சாதாரண நீர். இரண்டாவதில் கொதிக்கவைத்துக் காற்று நீக்கி, மேலே எண்ணெய் மிதக்கவிட்ட நீர். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கல்சியங் குளோரைட்டும் உலர்ந்த காற்றும். சில நாளில் முதலாவது ஆணி மட்டும் துருப்பிடிக்கும். இதனால் நாம் அறிவது, துருவுக்கு நீரும் வேண்டும், ஒட்சிசனும் வேண்டும். ஒன்று தனித்து இருந்தால் அது பிறவாது என்பதே.

இந்தச் சிறு பாடத்திலே நமது விஷயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. நாளும் ஓடும் இயந்திரத்தின் மூடிய சுற்றிலே, நீரிற் கரைந்திருந்த ஒட்சிசன் சூட்டினால் வெளியேறியும், உலோகத்தோடு சேர்ந்தும் குறைந்துவிடும். புதுக் காற்றும் எளிதில் உட்புகாது. அதனாற் துருவின் வேகம் மட்டுப்படும். ஆனால் நிறுத்தி வைத்த இயந்திரத்தில் நீர் சிறிது சிறிதாகக் குறையக் குறைய அதன் இடத்தைக் காற்று நிரப்பும். நீர் மட்டமும் காற்றும் சந்திக்கும் கோட்டிலே, இரண்டும் தாராளமாகக் கிடைப்பதால், துரு மிக வேகமாகப் படரும். அதற்கு மேலே ஈரம் படிந்த சுவர் முழுவதும் மெல்லிய நீர்ப்படலத்தினூடாக ஒட்சிசனை அருந்திக்கொண்டிருக்கும். ஆகவே பாதி நீர் நிரம்பிய இயந்திரமே எல்லாவற்றிலும் மோசமானது. றேடியேற்றரை மட்டும் திறந்துவிட்டு நாம் உண்டாக்கி வைத்தது சரியாக அந்த நிலையையே.

இன்னுமொரு பகை உண்டு. இயந்திரத்தின் கட்டை வார்ப்பிரும்பு. தேமோஸ்ரற்றின் மூடி பெரும்பாலும் அலுமினியம். பழைய றேடியேற்றர் செம்பும் பித்தளையும். அதன் ஒட்டு ஈயம் கலந்தது. வெவ்வேறு உலோகங்களை உப்பு நீரில் அமிழ்த்தினால் அது ஒரு மின்கலமாகிவிடும். பற்றரியில் நாகம் கரைவது போல, அங்கே அலுமினியமும் இரும்பும் கரையும். நீரில் உப்பு எவ்வளவு கூடுகின்றதோ அவ்வளவுக்கு மின்னோட்டமும் எளிதாகும்.

இங்கேதான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கற் பாறையினூடு ஊறி வரும் அந்த நீர் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளைத் தோலாகப் படிவதை இல்லத்தரசிகள் நன்கறிவர். அதே தோல் இயந்திரத்தின் நீர்வழிகளிலும் படியும். இரும்பைவிட அது வெப்பத்தைப் பலமடங்கு குறைவாகவே கடத்தும். அதனாற் குளிர்ச்சி குன்றும். கரையோரக் கிணறுகளிலோ சோடியங் குளோரைட்டும் கலந்திருக்கும். இரும்பைக் காக்கும் எந்தப் படலத்தையும் குளோரைட்டு துளைத்துவிடும். ஊசித் துவாரங்கள் விழுவதற்கு அதுவே பெருங்காரணமாகும்.

துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். குறுகிய நீர்வழிகள் அடைபடுவது இதனாலேயே. ஓடும்போது நீரோடு அலைந்த துருத்தூளும் நிற்கும்போது கட்டையின் அடியில், நீரோட்டம் எப்போதும் குறைந்த பின்னுருளையைச் சுற்றிப் படியும். அந்தச் சேற்றின் கீழே புதுத் துரு பிறக்கும். எமது காரின் நான்காவது உருளைக்கு நேர்ந்த கதி இதுவே.

உறைபனி இல்லாத நாட்டில் உறைதடுப்பு

குளிர் நாடுகளில் மாரி தொடங்குமுன் இயந்திர நீரைத் திறந்துவிடும் வழக்கம் பழைமையானது. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். அந்த விசைக்கு வார்ப்பிரும்புக் கட்டையும் பிளந்துவிடும். கட்டையின் பக்கத்திலுள்ள வட்டத் தகட்டு மூடிகள் அப்படி உறையும்போது வெளியே தள்ளப்பட்டு இயந்திரத்தைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டவை என்று பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. கட்டையை வார்க்கும்போது உள்ளே வைத்த மணற் கருவை வெளியேற்றுவதற்கு விட்ட துவாரங்களை அவை மூடுகின்றன, அவ்வளவே. ஆனால் மெல்லிய தகடாகையால், துரு முதலில் துளைப்பது அவற்றையே. வெளியிலே அவற்றில் கசிவு கண்டால், உள்ளேயும் நிலைமை நன்றாக இல்லை என்று கொள்ள வேண்டும்.

நீர் உறையாதிருக்க எதிலீன் கிளைக்கோல் என்னும் திரவத்தைக் கலப்பர். பிரெஞ்சு இரசாயன அறிஞரான வுர்ட்ஸ் 1850களின் பிற்பகுதியில் முதன்முதலாக ஆக்கிய பொருள் இது. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிற்பயர் விமானத்தின் மேர்லின் இயந்திரம், தொடக்கத்தில் நீரே கலவாத கிளைக்கோலினாற் குளிர்த்தப்பட்டது. பின்னரே நீர் பெரும்பங்கான கலவைக்கு மாற்றப்பட்டது.

"நமது ஊரில் நீர் உறைவதில்லையே, நமக்கு அது எதற்கு?" என்று கேட்டு, அக்காலத்தில் நம்மவர் வெறும் நீரையே ஊற்றி வந்தனர். பிழை இங்கேதான் நேர்ந்தது. இன்று கூலன்ற் என்ற பெயரில் விற்கப்படும் திரவத்தில் கிளைக்கோலோடு துருவைத் தடுக்கும் சரக்குகளும் கலந்திருக்கின்றன. அவை உலோகத்தின் மீது மிக மெல்லிய காப்புப் படலமொன்றை அமைக்கும். பனியே காணாத நமக்கு வேண்டியது அந்தச் சரக்குகளே. கிளைக்கோல் தனித்து அந்த வேலையைச் செய்யாது. மாறாக, காலஞ் செல்லச் செல்ல அது ஒட்சியேற்றமடைந்து அமிலமாக மாறும். தடுப்புச் சரக்கு தீர்ந்துபோன பழைய கூலன்ற் வெறும் நீரைப் போலவே, சிலவேளை அதைவிட மோசமாகவும், உலோகத்தை அரிக்கும். பச்சை நிறமோ சிவப்பு நிறமோ குன்றாதிருப்பதைக் கண்டு ஏமாறுதல் கூடாது. நிறம் சாயமே அன்றி வலிமையின் அளவன்று.

ஆகவே, திறந்துவிடுவதா நிரப்பி வைப்பதா?

இந்தக் கேள்விக்கு இரு சாராரும் வாதாடுவர். மேலே கூறிய துருவின் இயல்பை மனத்திற் கொண்டால் விடை தானாகவே கிடைக்கும். நீரும் காற்றும் ஒருங்கே இருத்தல் ஆகாது. ஆகையால் ஒன்றில் முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். அல்லது நல்ல கூலன்றினாற் கழுத்துவரை நிரம்பியிருக்க வேண்டும். இடைநிலை எதுவும் கேடே.

வெறும் நீரோ பழைய கூலன்றோ உள்ளே இருக்குமாயின், அதனை வெளியேற்றுவது எப்படியாயினும் அவசியம். அதற்குரிய முறையைச் சொல்கின்றோம்.

இயந்திரத்தை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். அப்போது தேமோஸ்ரற் திறந்து, அடியிற் படிந்த தூளும் கிளம்பி நீரோடு கலக்கும். பின்னர் நிறுத்தி, கைபொறுக்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். சூட்டோடு றேடியேற்றர் மூடியைத் திறத்தல் ஒருபோதும் கூடாது. மூடிய சுற்றினுள்ளே அமுக்கம் இருப்பதால் நீர் 100 பாகைக்கு மேலேயும் கொதிக்காது நிற்கும். மூடியைத் திறந்த கணமே அது கொதித்துச் சீறி முகத்தை வேகவைத்துவிடும்.

ஆறியபின் மூடியைக் கழற்றி, காருக்குள் வெப்பமூட்டும் கருவி இருந்தால் அதன் வழியையும் திறந்து, றேடியேற்றரின் அடிக் குழாயைத் திறவுங்கள். பழைய றேடியேற்றரில் குழாய் இல்லாவிடின் கீழேயுள்ள றப்பர்க் குழாயைக் கழற்றலாம். அடுத்து, கட்டையின் பக்கத்திலுள்ள குழாயை அல்லது அடைப்பாணியைத் தேடித் திறவுங்கள். நீர் வராவிட்டால் உள்ளே நீர் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்; சேறு அடைத்திருக்கின்றது என்றே கொள்ளுங்கள். மெல்லிய கம்பியினாற் கிண்டுங்கள். பின்னர் மேலிருந்து சுத்தமான நீரை ஊற்றி, இரு குழாய்களிலும் தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள்.

பழைய கூலன்றை நிலத்திற் கொட்டலாகாது. அது இனிப்பானது, நாயும் பூனையும் விரும்பி நக்கும், குழந்தையும் சுவைத்துப் பார்க்கும். சிறிதளவே சிறுநீரகங்களை அழித்து உயிரை மாய்க்கக்கூடிய நஞ்சு அது. சுண்ணாம்புக்கல் நிலத்திலே கொட்டியது எதுவும் கிணற்றுக்குச் செல்வதற்கு நெடுநாள் எடுக்காது என்பதையும் நாம் மறத்தலாகாது. மூடியுள்ள கலனில் ஏந்தி, பெயரெழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் கராஜிற் கொடுத்தலே முறை. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தல் பேராபத்து.

கழுவி முடிந்தபின் இரு வழிகள் உண்டு. ஓரிரு ஆண்டுகள் வரை நிற்கப்போகும் காருக்குப் புதிய கூலன்றினால் நிரப்பி வைப்பதே மேல். காய்ச்சி வடித்த நீரோடு, போத்தலிற் சொல்லிய அளவில் கலக்க வேண்டும்; சரிபாதி என்பது பொதுவான அளவு. கிணற்று நீர் கூடாது. பொசுபேற்று கொண்ட கூலன்ற் கடின நீரிற் பட்டால் அந்தச் சரக்கே வெண்படிவாக இறங்கிவிடும். நிரப்பியபின் தேமோஸ்ரற் திறக்கும்வரை ஒருமுறை ஓட்டினாற்றான் அது மூலை முடுக்கெல்லாம் சென்று சேரும். ஆறியதும் குறைந்ததை நிரப்பி மூடுங்கள். வெவ்வேறு வகைக் கூலன்றுகளை ஒன்றோடொன்று கலக்க வேண்டாம். பழைய வகையை ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். புதிய வகைகள் ஐந்தாண்டு வரை செல்லும். இவ்வாறு நிரப்பி வைப்பதில் வேறொரு நன்மையும் உண்டு: நீர்ப் பம்பியின் அடைப்பும் றப்பர்க் குழாய்களும் உலர்ந்து வெடிக்காமல் இருக்கும்.

கூலன்ற் கிடையாத இடத்திலும், எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல முடியாதபோதும், இருசில்லு உழவு இயந்திரத்தின் திறந்த தொட்டிக்கும், முற்றாக உலர்த்துவதே ஏற்றது. "திறந்துவிட்டோம்" என்பதும் "உலர்த்தினோம்" என்பதும் ஒன்றல்ல. காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினால் நீர் ஊற்றாமலே இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். நமது கரையோரங்களிலோ ஆண்டின் பெரும்பகுதியும் அது அதற்கு மேலேயே நிற்கும். ஆகையால் இயந்திரம் இளஞ்சூடாக இருக்கும்போதே இறுதி நீரை வெளியேற்றி, காற்றடிக்கும் பம்பினால் நீர்வழிகளை ஊதி, குழாய்களைத் திறந்தபடியே ஒரு நாள் வெயிற்பொழுதில் விட்டு, ஈரம் நீங்கியபின் எல்லா வாய்களையும் மூட வேண்டும். பின்னர் சுக்கானிலோ கைப்பிடியிலோ "தண்ணீர் இல்லை" என்ற மட்டையை மறவாமற் கட்டுங்கள். அதனைக் காணாத ஒருவர் அவசரத்தில் இயந்திரத்தை ஓட்டினால், சில நிமிடங்களிலேயே தலைப்பகுதி வளைந்துவிடும்.

நிறுத்தி வைக்குமுன் இயந்திர எண்ணெயைப் புதுப்பித்தலும், உருளைக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விடுதலும் நன்று. வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது நல்லதென்று பலர் எண்ணுவர். அதனால் தீமையே அதிகம். அரைகுறைச் சூட்டில் எரிவாயுவின் நீராவி எண்ணெயிலும் புகைக்குழாயிலும் படிந்து தங்கிவிடும். ஓட்டுவதானால் இயந்திரம் முழுச் சூடடையும்வரை சாலையில் ஓட்டுங்கள். இல்லையேல் உறங்க விடுங்கள்.

மாணவருக்கு ஒரு சிறு வேலை

நாம் சொல்வதை நம்ப வேண்டுமென்பதில்லை, செய்து பார்க்கலாம். மூடியுள்ள நான்கு கண்ணாடிப் போத்தல்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் துடைத்துச் சுத்தமாக்கிய இரும்பாணி ஒன்றை இடுங்கள். முதலாவதில் ஆணி பாதி மூழ்கக் கிணற்று நீர். இரண்டாவதில் நீரை நிரப்பிக் கொட்டிவிட்டு, ஈரத்தோடு மூடி. மூன்றாவதைத் துடைத்து வெயிலில் உலர்த்தி மூடி. நான்காவதில் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில், கழுத்துவரை புதிய கூலன்ற் கலவை. நான்கிலும் பெயரொட்டி, நான்காவதைப் பூட்டுள்ள இடத்தில் வையுங்கள். ஒரு மாதத்தின் பின் எடுத்துப் பாருங்கள். முதலாவதில் நீர்மட்டத்தின் அருகே ஆணி அதிகமாக அரிபட்டிருப்பதைக் காண்பீர்கள். இரண்டாவதும் துருவேறியிருக்கும், வெறுமையாக்கியது மட்டும் போதாது என்பதற்கு அதுவே சாட்சி. மூன்றாவதும் நான்காவதும் தப்பியிருக்கும். எமது கொட்டிலில் பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்ததை, உங்கள் மேசைமீது ஒரு மாதத்திற் கண்டுகொள்வீர்கள்.

எமது மொறிஸ் மைனர் இன்று வேறொரு காரின் இயந்திரத்தோடு ஓடிக்கொண்டிருக்கின்றது. பழைய கட்டையை இரும்புக்குப் போட மனம் வரவில்லை. கொட்டிலின் மூலையில் அது கிடக்கின்றது. அதன் பக்கத்திலுள்ள அந்தச் சிறு பித்தளைக் குழாயை மட்டும் கழற்றித் துலக்கி வைத்திருக்கின்றோம். நீண்ட பயணம் போகுமுன் வீட்டுப் பிள்ளைகள் காரை நிறுத்தும்போதெல்லாம் தந்தையாரின் கேள்வியையே நாமும் கேட்கின்றோம். ஆனால் ஒரு சொல்லைக் கூட்டிக் கேட்கின்றோம்:

"இரண்டு குழாயையும் திறந்துவிட்டீர்களா?"